ஒன்பதாவது கேள்விக்கு நான் போட்ட பூஜ்யம்

போன மாதம் மா தீரி போன் செய்தாள். யாங்கோனில் நான் கடைசியாக வேலை பார்த்த தொண்டு மருத்துவமனையில் எனக்குப் பின் வந்த நர்ஸ் அவள். நல்ல பெண், பர்மியப் பெண். மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நோயாளிகளிடம் கேட்கும் ஒன்பது கேள்விகளை இனி டேப்லெட்டில் போட்டுக் காதில் கேட்கவைக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குரல். தமிழுக்கு என் குரல் வேண்டுமாம். அரை மணி நேர வேலைதான் சயாமா, வீட்டுக்கே கார் அனுப்புகிறோம் என்றாள். நர்ஸையும் டீச்சரையும் இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லக்கூடிய விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுவது இதுதான். தமிழில்தான் எழுதுகிறேன். மா தீரிக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி, அவர் சொல்வதை நம்பித்தான் அவள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்குத் தெரியாத மொழியில் தன்னைப் பற்றி ஒரு காகிதம் இருந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போது அவளுக்கு விளங்கும்.

எனக்கு இரண்டு பெயர். அப்பா வைத்தது ராஜம். பள்ளிக்கூடப் பதிவிலும் வேலைப் பதிவிலும் டோ கின் மே. அப்பா தமிழர், அம்மா பர்மியர். முகம் அம்மாவுடையது. காலையில் கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு லொன்ஜி கட்டி நின்றால் என்னைத் தமிழச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் எனக்கு அப்பாவின் வாயிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் நடந்த வகுப்பிலிருந்தும் வந்தது. நர்ஸ் படிப்பு மூன்று வருடம். பிறகு அரசாங்க மனநல மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல். அங்கே கற்றதெல்லாம் மாத்திரையை எண்ணுவது, கதவைப் பூட்டுவது, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் கோபமில்லாமல் பேசுவது. அதைப் பற்றி எழுத இப்போது மனம் இல்லை. நான் சொல்ல வந்தது கடைசி ஏழு வருடத்தைப் பற்றி.

தொண்டு மருத்துவமனை யாங்கோன் நகரின் நடுவே கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்கள் படியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துதான் வருவார்கள். காசு வாங்குவதில்லை என்பதால் ஷ்வேப்யிதாவிலிருந்தும் தன்லியினிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். தலைவலி, சர்க்கரை, நெஞ்சு வலி, எதற்காக வந்தாலும் பெரியவர்கள் எல்லாரும் முதலில் என் மேஜைக்கு வர வேண்டும். நான் அந்த ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முறை இதுதான். கடந்த இரண்டு வாரத்தில் இன்னின்னது உங்களுக்கு எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம். தினமும் என்றால் மூன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனநல டாக்டரின் அறைக்கு அனுப்ப வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் மட்டும் ஒன்று வந்தாலே போதும், கூட்டுத்தொகையைப் பார்க்காமல் அன்றே அனுப்ப வேண்டும். படிவத்தில் இருக்கிற பர்மிய வாக்கியத்தை ஒரு சொல் மாற்றாமல் படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் இன்னொரு முறை அதையே படிக்கலாம். விளக்கக் கூடாது. பர்மிய மொழி தெரியாதவர் என்றால் கூட வந்த உறவினர் சொல்லலாம். ஊழியர் தன் சொந்த மொழியில் கேட்கக் கூடாது.

இந்த விதிகளை வைத்தவர் எங்கள் தலைமை டாக்டர். எல்லாரும் சயாமாஜி, பெரிய சயாமா, என்று கூப்பிடுவோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தவரை அறைக்குக் கூப்பிட்டு, முதலில் தேநீர் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பேசுவார். மேஜை மேல் மூன்று பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டார், அந்தப் பேனாக்களை விரலால் தட்டித் தட்டி நேராக்குவார். மாலையில் அன்றைய படிவங்கள் அத்தனையையும் தானே பார்ப்பார். ஒரு கூட்டல் தவறியிருந்தால் பென்சிலால் சின்ன வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் சோம்பேறி இல்லை, கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நர்ஸ்கள் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டு, கிடைத்த பதில்கள் ஒன்றுக்கும் உதவாமல் போனதைப் பார்த்தவர். அதனால் எல்லாருக்கும் ஒரே வாக்கியம். கரென், சின், இந்தி, தமிழ் என்று இத்தனை மொழிக்கும் ஆள் வைக்க முடியாது, ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பது அநியாயம் என்பார். ஆக யாருக்குமே கொடுக்காமல் இருப்பது நியாயம் ஆகிவிட்டது.

சேர்ந்த இரண்டாம் வருடமே நான் அந்த விதியை ஒருமுறை மீறினேன். கியாக்டடாவிலேயே துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்து அம்மா. படபடப்பு, நெஞ்சடைப்பு என்று நாலு தடவை இருதயப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைப் பையன் ஒருவனைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். முதல் கேள்வி, செய்கிற காரியங்களில் ஆசையோ சந்தோஷமோ குறைந்துவிட்டதா என்பது. அவன் அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"வீட்டு வேலைய யாராச்சும் ஆசப்பட்டுச் செய்வாகளா? செய்யணும், செய்றோம்."

குறைய வேண்டுமென்றால் முதலில் ஆசை இருந்திருக்க வேண்டும். அவருக்கு அது என்றுமே இருந்ததில்லை, ஆகவே குறையவும் இல்லை. பூஜ்யம். இப்படியே போய் மொத்தம் இரண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பையனை வெளியே அனுப்பிவிட்டுத் தமிழில் கேட்டேன். தினமும் ஓதுகிற நேரத்தில் மனம் நிற்கிறதா, பேரப்பிள்ளை மடியில் ஏறினால் எடுத்துக் கொஞ்சத் தோன்றுகிறதா என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அரை மணி நேரம் பேசினார். புதுப் படிவத்தில் பதினேழு வந்தது.

மாலையில் சயாமாஜி எனக்குத் தேநீர் ஊற்றினார். ஒரே நாளில் ஒரே நோயாளிக்கு இரண்டும் பதினேழும் வந்தால் எதை நம்புவது என்று பேனாவைப் பார்த்துக் கேட்டார். நீ உன் சொற்களால் கேட்டாய், அதனால் வந்த பதினேழு அது என்றார். அந்தப் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். இரண்டு மட்டும் நின்றது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த அம்மாவுக்குச் சத்து மாத்திரை. அவர் அதற்குப் பிறகு அந்தப் படியேறி வரவே இல்லை. என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். சம்பளம் தேவைப்பட்டது, மகள் படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது இது.

பாக்கியம் அக்கா வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. தன்லியினிலிருந்து பாலம் தாண்டி இரண்டு பஸ் மாறி மகன் மூர்த்தி கூட்டி வந்தார். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. மூர்த்திக்கு நாற்பது இருக்கும், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். படியேறும்போது அம்மாவின் பின்னால் கையை விரித்தபடி வந்ததை நான் பார்த்தேன், விழுந்தால் பிடிக்க. தலைவலி, சாப்பிடுவதில்லை, ஆறு மாதத்தில் ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று பர்மிய மொழியில் சொன்னார். அம்மாவுக்குக் கடைப் பேச்சு அளவுக்குத்தான் பர்மிய மொழி வரும், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றார். விதிப்படி அது சரி.

நான் படித்தேன், அவர் திருப்பிச் சொன்னார். தூக்கம் பற்றிய கேள்வியை ஒழுங்காகவே சொன்னார். தினமுமே தூக்கம் கிடையாது என்று பதில் வந்தது, மூன்று. சாப்பாடு, அதற்கும் மூன்று. இவை இரண்டும் சொல்லக் கூச்சமில்லாத விஷயங்கள். மற்றவை அப்படி இல்லை. மனம் துவண்டு போயிருக்கிறதா என்ற கேள்வியை, "வீட்ல யாரும் சண்ட போடுறாங்களான்னு கேக்குறாங்கம்மா" என்று மாற்றினார். குடும்பத்துக்கு நான் ஒரு பாரம் என்று தோன்றுகிறதா என்பதை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதாகச் சொன்னார். அக்கா, நாலு பேர் என்றார். மூர்த்தி என்னிடம் திரும்பி, இல்லை என்கிறார் என்றார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய விதத்தில் ஒரு கள்ளமும் தெரியவில்லை. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. மேஜையில் இருந்த பெயர் டோ கின் மே.

ஒன்பதாவது கேள்வி வந்தது. செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வந்ததா. நான் பர்மிய மொழியில் படித்தேன். மூர்த்தி என் முன்னால் இருந்த படிவத்தையே பார்த்தார். இன்னொரு முறை படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, கோயிலுக்கு ஒழுங்காப் போறியான்னு கேக்குறாங்க. போறேன்னு சொல்லு."

பாக்கியம் அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறேன்" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி, "போய்ட்டாத் தேவல" என்றார்.

மூர்த்தி நிமிர்ந்தார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையாம் சயாமா என்று பர்மிய மொழியில் சொன்னார்.

கேட்காத கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டார். அந்த மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் அதைக் கேட்டோம். நான் பேனாவை எடுத்துப் பூஜ்யம் போட்டேன். என் கையால் போட்டேன். மொத்தம் ஆறு. நோயாளிக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பதும் விதி, ஆகவே ஆறுதான், பத்துக்குக் கீழே, பயப்பட வேண்டியதில்லை என்று மூர்த்தியிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். தலைவலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வர அட்டை எழுதி வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பிடித்தபடி படி இறங்கிப் போனார்.

அன்று மாலை படிவங்களோடு நானே சயாமாஜியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அதை நான் மறுக்கக் கூடாது. பிறகு, நீ கேட்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது படிவத்தில் இல்லை என்றார். போய்விட்டால் தேவலை என்று தன் அம்மாவும் தினமும் சொல்கிறாராம். வயதான பெண்கள் எல்லாரும் சொல்வதுதானாம். ஒரு மாதத்தில் வருவார்தானே, அப்போது பார்ப்போம் என்றார். நான் எழுந்தபோது ஒரு பேனாவை நேராக்கியபடி இதையும் சொன்னார். அவர் பேசியது பர்மிய மொழி, நான் தமிழில் தருகிறேன்:

"இந்தத் தடவை நீ குறுக்கிடவில்லை. ரொம்ப நல்லது."

எச்சரிக்கைக் கடிதத்தைக்கூட நான் மறந்துவிடுவேன். இந்தப் பாராட்டை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு வாரம் ஆகியிருக்காது. காலையில் படிவப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது மருத்துவமனை போன் அடித்தது. மூர்த்தி. அம்மா விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய் ஆற்றில் இறங்கியிருக்கிறார். வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, தன்லியினில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பர்மிய மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: ஆறு மார்க்குதான், பயம் இல்லை என்றீர்களே சயாமா?

அன்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. ஜன்னலுக்குக் கீழே ஆறு. நான் அதைப் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா பெண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். மூர்த்தி கால்மாட்டில் நின்றிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய கையைப் பிடித்தேன்.

"அக்கா, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் தனகாவை, என் சீருடையை, பெயர் அட்டையைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"அன்னைக்கும் தெரியுமா?"

இத்தனை வருட வேலையில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் இதைவிடக் கடினமானது இல்லை. தெரியும் என்றேன். அக்கா என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கால்மாட்டில் மூர்த்தியின் முகம் செத்துப்போயிருந்தது. அன்று அவர் தமிழில் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வராந்தாவில் என்னிடம் வந்தார். இப்போது தமிழில் பேசினார்.

"அத நான் எப்படி சயாமா கேப்பேன்? பெத்த தாய்ட்டப் போயி, சாவணும்னு தோணுதான்னு?"

அவர் கேட்டதுதான் நியாயம். டாக்டரும் நர்ஸும் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மகனின் வாயில் திணித்துவிட்டு, அவன் சொல்வதையே கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று விதி எழுதியது யார்? எந்த மகன் அதைக் கேட்பான்? அந்த அறையில் அதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை. அவளும் திறக்கவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள்தான் அக்கா சுவரைப் பார்த்தபடியே பேசினார். இளைய மகன் செல்வம் வேலை தேடி யாருக்கும் தெரியாமல் எல்லை தாண்டிப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் இரண்டு தடவை போன் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. தெருவில் யாரும் கேட்டால் ஊர்ப் பக்கம் போயிருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளும் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா அழுவாள் என்று மூர்த்தி எடுக்கவில்லை. மூர்த்திக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அம்மாவும் எடுக்கவில்லை.

"அவனுக்கு என் பழைய போன் நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம். கரண்டு வர்ற நேரம் பாத்து அதுக்குச் சார்ஜ் போட்டு வச்சிக்கிட்டே கெடப்பேன். ராத்திரி பகல் தெரியாது. ஒருநா சார்ஜ் போட மறந்துட்டேன். அன்னைக்கி அவன் கூப்பிட்டிருந்தா?"

வாரம் ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மனநல டாக்டர் வருவார். பர்மியர், இளம் வயது. அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேஜையில் கேட்டதையும் சேர்த்து. அக்காவிடம் அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அக்கா சொன்னதை ஒன்றும் குறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் என் மொழியைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மாத்திரை எழுதினார். தனியாக விட வேண்டாம் என்றார். செல்வத்தைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த காரியம் இது. எங்கள் மேஜையிலும் இதே ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் சயாமாஜி கூப்பிட்டார். தேநீர் இருந்தது. சம்பவ அறிக்கை ஒன்று தட்டச்சாகி இருந்தது. நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தேன். நோயாளியின் மகன் தவறாக மொழிபெயர்த்த காரணத்தால் அறிகுறிகள் பதிவாகவில்லை என்று இருந்தது. மூர்த்தியின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன.

தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்தாள் என்பது இதில் இல்லையே என்று கேட்டேன்.

"அதை எழுதினால் கேள்வி உன்மேல்தான் வரும்."

"வரட்டும். விதியின் மேலும் வரும்."

அவர் முதல் முறையாகப் பேனாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உன்னைக் காப்பாற்றத்தான் இப்படி எழுதினேன் என்றார். அதை அவர் மனதாரவே சொன்னார் என்று நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் பின்னால் கையை விரித்துக்கொண்டு படியேறி வந்த மனிதன் குற்றவாளி. காதில் விழுந்ததை விழாத மாதிரி எழுதிய நான் காப்பாற்றப்பட வேண்டியவள். எங்களை அப்படி எழுதவைத்த காகிதத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் மேஜையிலேயே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து பர்மிய மொழியில் எழுதினேன். எனக்குத் தமிழ் தெரியும். மகன் கேள்வியை மாற்றியதைக் கேட்டேன். நோயாளி சாவைப் பற்றிச் சொன்னதையும் கேட்டேன். விதிப்படி பூஜ்யம் போட்டேன். இந்த விதி இருக்கும்வரை இன்னொருவரும் இப்படியே போடுவார். பெயர் எழுதுமிடத்தில் டோ கின் மே என்று எழுதி, பக்கத்தில் தமிழில் ராஜம் என்றும் எழுதினேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை என்னைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற இருந்த பத்து மாதத்தையும் அங்கேதான் கழித்தேன். விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை. என் தாளை எந்தக் கோப்பில் வைத்தார்கள் என்று அந்த அறை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மூர்த்தியின் பெயர் போட்ட அறிக்கை கிடைத்தது. என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒருவர் போட்டிருந்தார், அன்று அந்த அறையிலேயே இல்லாதவர். மேஜையில் அதே விதி, அதே வாக்கியம். தமிழ் அம்மாக்கள் வருவதும், மருமகளோ மகனோ பதில் சொல்வதும், இரண்டும் மூன்றும் ஆறும் வாங்கிக்கொண்டு படி இறங்குவதும் கதவு வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வருடக் கடைசியில் ஒரு கூட்டம் நடந்தது. தமிழ் பேசும் மக்களிடம் மனச்சோர்வு மிகக் குறைவு என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். கைதட்டினார்கள். குடும்ப அமைப்பு வலுவாக இருப்பது காரணமாக இருக்கலாம் என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரைபடத்தில் தமிழர்களுக்குப் போட்டிருந்த குட்டையான கோட்டில் என் பூஜ்யமும் இருக்கிறது. அதனால்தான் மா தீரி, என் குரல் கிடையாது. குரல் கேள்வியைக் கேட்கும். "போய்ட்டாத் தேவல" என்று ஒருத்தி தன் கையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தால் அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவது? பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆளை உட்காரவைத்து, கேட்டதை எழுத அவருக்கு உரிமை கொடுங்கள். அப்போது கார் அனுப்ப வேண்டாம், நானே பஸ்ஸில் வருகிறேன்.

பாக்கியம் அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, தன்லியினுக்குப் போகிறேன். முதல் மூன்று மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். பிறகு ஒருநாள் எண்ணெய் விலையைத் திட்டினார். அடுத்த மாதம் மருமகள் வைத்த மீன் குழம்பில் புளி போதவில்லை என்றார். அவர் குறை சொல்லத் தொடங்கியது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று மனநல வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜாக்கெட் பழையபடி பொருந்துகிறது. செல்வத்திடமிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. ஆனால் அவன் பெயரை இப்போது வீட்டில் சத்தமாகச் சொல்கிறார்கள், அவன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்லி மூர்த்தியின் மகளைச் சிரிக்கவைக்கிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்பு அந்த ஒன்பதாவது கேள்வியை நான் கேட்பேன். சுற்றி வளைக்க மாட்டேன். செத்துப்போய்விட்டால் தேவலை என்று இந்த மாதம் தோன்றியதா அக்கா என்றே கேட்பேன். ஆரம்பத்தில் அதைக் கேட்கும்போது மூர்த்தி எழுந்து வெளியே போய்விடுவார். அப்புறம் வாசற்படி வரைக்கும் போய் நிற்பார். இப்போது சில மாதங்களாக உட்கார்ந்தே இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"வந்துச்சு. செவ்வாக்கெழம சாயங்காலம். அன்னைக்கிச் செல்வத்துக்குப் பொறந்த நாளு."

அதை யாரிடமாவது சொன்னீர்களா, ராத்திரி தூங்கினீர்களா என்று அடுக்கினேன். அக்கா மகனைக் கையால் காட்டினார்.

மூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கே நான் கேட்டுட்டேன் சயாமா. நேராவே கேட்டேன். சொன்னாங்க. விடியிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம்."

அதற்கு மேல் அன்று எனக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. மருமகள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.